கீழே பார்க்காத கோபுரம்

மூன்று கால் ஸ்டாண்டு எதைக் கண்டாலும் பாவாடைக்கு ரத்தம் தலைக்கேறிவிடும். ஒருமுறை ஜெயங்கொண்டத்தில் மச்சினி மகள் கல்யாணம். மண்டபத்தில் எல்லோரும் பந்தியில் இடம் பிடிக்க முண்டியடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வீடியோக்காரரை ஓரங்கட்டி, "தம்பி, நீங்க எந்த ஆபீஸ்லேர்ந்து வரீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கேமரா பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா என்று குனிந்து சரிபார்த்த பிறகுதான் இலையில் போய் உட்கார்ந்தார். அதற்குள் பாயசம் தீர்ந்துபோயிருந்தது. அவர் மனைவி முத்தாயி இந்தக் கதையை இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பாவாடை என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். சிரிக்கட்டும். நம் பக்கத்தில் அது காவல் தெய்வத்தின் பெயர். பாவாடைராயனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் தகப்பனார் அந்தப் பெயரை வைத்தார். பிள்ளையும் பெயருக்கேற்றபடி ஒரு கொல்லைக்குக் காவல் நின்றே வயதாகிப் போனார். ஊரை ஒட்டிய செம்மண் மேட்டில் அவர் தகப்பனார் வைத்த முந்திரிக்கொல்லை அது.

அந்தக் கொல்லைக்கு வந்த கண்டத்தைச் சொன்னால்தான் ஸ்டாண்டு மேல் அவருக்கு இருக்கிற கோபம் புரியும். பாவாடைக்கு மீசை கறுத்திருந்த காலத்தில் ஒரு ஜீப்பில் சிலர் வந்தார்கள். மரியாதையாகத்தான் வந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். மூன்று கால் ஸ்டாண்டை நட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நிலத்தடித் தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாக்குறோம்" என்றார்கள். பாவாடையே மரமேறி அவர்களுக்கு நுங்கு வெட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்த நுங்கை நினைத்தால் அவருக்கு வயிறு எரியும்.

அதன் பிறகு துளை போடுகிற வண்டி வந்தது. அதன் பிறகு நோட்டீஸ் வந்தது. மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறதாம், சுரங்கம் வரப்போகிறதாம், நிலம் இனி உங்களுடையது இல்லையாம். ஆட்கள் வந்து மரத்துக்கு மரம் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். அதோடு சரி. சுரங்கமும் வரவில்லை, நிலத்தையும் விடவில்லை. கொட்டை பொறுக்கிக்கொள்ளலாம். மரத்தை வெட்டக்கூடாது, விற்கக்கூடாது, ஒரு போர்வெல் போடக்கூடாது. காய்ந்த கிளையைக் கழித்தால்கூட யாராவது வந்து கேள்வி கேட்பார்களோ என்று பயம். இருபது வருஷத்துக்கும் மேல் கோர்ட்டும் கேஸுமாக அப்படியே ஓடியது.

தகப்பனார் தினமும் சாயங்காலம் அந்தக் கொல்லைக்குப் போய், வரப்போரத்தில் எண் போட்ட ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவார். அப்படி விட்டுவிட்டே போய்ச்சேர்ந்தார். அவருக்குப் பிறகு அந்த வேலை பாவாடைக்கு வந்தது. அதே மரம், அதே நேரம், அதே பெருமூச்சு. வீட்டுக்குத் திரும்பியதும் முத்தாயி, "என்ன, மூச்சு வுட்டாச்சா? சோறு ஆறுது" என்பாள். கடைசியில் ஒரு நாள், சுரங்கத் திட்டம் கைவிடப்பட்டது, நிலம் உங்களுக்கே என்று செய்தி வந்தது. ஊரே வெடி வெடித்தது. பாவாடை மட்டும் வெடி வெடிக்கவில்லை. மரப்பட்டையோடு சேர்ந்து அகலமாகிப்போன அந்தச் சிவப்பு எண்ணைக் கட்டைவிரலால் சுரண்டிப் பார்த்தார். அது போகவில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் கொல்லைக்குப் பக்கத்தில்தான் போன தை மாதம் ஒரு கோபுரம் எழுந்தது.

முந்திரி பூத்திருந்த சமயம். காற்றெல்லாம் ஒரு காரமான இனிப்பு வாசனை. காலையில் கொல்லைக்குப் போன பாவாடை, மேற்கே பங்காளி செல்லதுரையின் தோப்புக்குள் மரங்களின் தலைக்கு மேலே இரும்புச் சட்டம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். செல்போன் கோபுரத்தைவிட ஒல்லி. உச்சியில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள். கோபுரம் கவிழாமல் இருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்துத் தரையில் கட்டியிருந்தார்கள். பாவாடையின் கண்ணுக்கு அதுவும் மூன்று காலாகத்தான் தெரிந்தது.

செல்லதுரையை டீக்கடையில் வைத்துப் பிடித்தார். "ஏண்டா, உன் கொல்லையில என்னடா நடுறாங்க?"

"பயப்படாதீங்கண்ணே. யுனிவர்சிட்டிலேர்ந்து வந்திருக்காங்க. காத்தை அளக்குறாங்களாம்."

"காத்தையா?"

"ஆமாண்ணே. மரம் எவ்வளவு மூச்சு வுடுது, எவ்வளவு இழுக்குதுன்னு. பெரம்பலூர், அரியலூர் ரெண்டு ஜில்லாவுக்கும் சேத்து கணக்குப் போடுறாங்களாம்."

பாவாடை டீயைக் கீழே வைத்தார். "அன்னைக்குத் தண்ணிய அளக்குறோம்னான். இன்னைக்குக் காத்த அளக்குறோம்ங்குறான். நாளைக்கு வெயில அளக்குறோம்னு சொல்லிக்கிட்டு வருவான். நீயும் பாய் விரிச்சிப் போடு. காத்த அளக்குறதுக்கு எவண்டா கவர்மெண்டுல சம்பளம் குடுப்பான்?"

செல்லதுரை தன் டீயை ஊதிக் குடித்தான். சொல்லப்போனால் அந்தக் கேள்வி அவன் மனதிலும் இருந்தது.

அன்று மதியம் பாவாடைக்கு வந்த முடிவு, அந்த மண்ணில் அந்த இருபது வருஷத்தை வாழ்ந்தவருக்கு மட்டுமே வரக்கூடிய முடிவு. கரியைத் தேடித்தான் மறுபடி வந்திருக்கிறார்கள். கோபுரம் முதலில், துளை வண்டி அடுத்து, சிவப்புப் பெயிண்டு அதற்கடுத்து. பெயிண்டு விழுந்துவிட்டால் மரம் நம்முடையது இல்லை. ஆகவே பெயிண்டு விழுவதற்கு முன்னால் மொத்தத் தோப்பையும் நாமே அறுத்துவிட வேண்டும். வருகிறவன் வெறும் மண்ணைக் கட்டிக்கொண்டு அழட்டும்.

முத்தாயி தலையில் கைவைத்துக்கொண்டாள். "பூத்து நிக்கிற மரங்க. பூத்த மரத்துல யாராவது ரம்பம் வெப்பாங்களா? பங்குனி முடியட்டும், காய் எடுத்துட்டாவது பாக்கலாம்."

"பங்குனிக்குள்ள பெயிண்டு வந்துடும்."

"உங்க அப்பா வெச்ச தோப்புங்க அது."

"அதனாலதான் அடுத்தவன் கையில குடுக்க மாட்டேங்குறேன்" என்றார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் விறகு வியாபாரி அரியமுத்து ஆட்களோடு வந்து இறங்கினார். ஊரில் அவரைப்போல் நறுவிசாக மரம் அறுக்கிறவர் இல்லை. மெஷின் ரம்பத்தைக் கயிறு இழுத்துக் கிளப்பியதும் தோப்பில் இருந்த மைனாவெல்லாம் எழுந்து பறந்தன. வடகோடி வரிசையில் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மரமும் விழும்போது பூவெல்லாம் உதிர்ந்து, செம்மண்ணில் வெள்ளையாய்ப் படிந்தது. பாவாடை திரும்பி நின்றுகொண்டார். கண்ணால் பார்க்காவிட்டாலும் காது கேட்கத்தானே செய்யும். வரிசை முடிந்து, ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது அவருக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். அதைக் காக்கைக்கு வைத்தார்.

அந்த நேரத்தில்தான் வேலி ஓரமாக அந்த ஹெல்மெட் பெண் வந்தாள். இப்போது ஹெல்மெட் கையில் இருந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும். முகமெல்லாம் வேர்வை.

"ஐயா, வணக்கம். என் பேரு அபிநயா. அந்த டவரைப் பாத்துக்குறது நான்தான். உங்க மரத்தையா அறுக்குறீங்க?"

பாவாடை வேட்டியை மடித்துக் கட்டினார். இந்தச் சண்டைக்கு அவர் இருபது வருஷமாகத் தயாராக இருந்தார். "ஆமா. என் மரம், நான் அறுக்குறேன். உங்களுக்கு எங்க வலிக்குது?"

"உங்க மரங்க, உங்க இஷ்டங்க. நான் கேக்க வந்தது வேற. எப்ப ஆரம்பிச்சீங்க, எந்தப் பக்கம் ஆரம்பிச்சீங்கன்னு மட்டும் சொன்னா போதும். காலையிலேர்ந்து டவர்ல எண்ணிக்கை தாறுமாறா வருது. மெஷின் ரிப்பேர்னு நெனச்சு மேல ஏறிக் கழட்டியே பாத்துட்டேன். அப்புறந்தான் ரம்பச் சத்தம் கேட்டுது."

பாவாடை திரும்பி மேற்கே பார்த்தார். கோபுரம் இருப்பது செல்லதுரையின் கொல்லையில். மரம் விழுந்தது இங்கே, நடுவில் ஒரு தோப்பே நிற்கிறது. இரும்புக் கம்பிக்கு எப்படித் தெரிந்தது?

"அப்ப என் கொல்லையத்தான் நோட்டம் பாக்குது அது. நான் நெனச்சது சரியாப் போச்சு."

"நோட்டம்தாங்க, இல்லன்னு சொல்லல" என்றாள் அபிநயா. பொய் சொல்லிச் சமாளிக்காமல் அவள் அப்படி ஒப்புக்கொண்டது பாவாடையைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. "இப்ப கெழக்கேர்ந்து கீழ்க்காத்து அடிக்குற மாசம். உங்க தோப்பு மேல பொரண்டு வர்ற காத்துதான் எங்க டவருக்கு வருது. வந்து பாக்குறீங்களா? பாத்துட்டு என்னைத் திட்டுங்க."

போனார். கீழே பார்க்கிற கண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஊரைக் கூட்டிக் காட்டிவிடுவது என்ற உறுதியோடுதான் போனார்.

கோபுரத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தார். உச்சியில் இரண்டு கருவிகள். இரண்டும் வேறு எங்கும் பார்க்காமல் ஒன்றையொன்று பார்த்தபடி சும்மா காற்றில் நின்றன. அடியில் துளை இல்லை, தரையில் குழி இல்லை, மண்ணை மூட்டை கட்டிய அடையாளமும் இல்லை. கோபுரத்தின் உடம்பு நெடுக, உச்சியிலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும், விட்டுவிட்டு மெல்லிய குழாய்கள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. எல்லாக் குழாயும் கீழே ஒரு பெட்டிக்குள் போயின. பெட்டியில் ஒரு சிறு திரை. அதில் நானூற்றுச் சொச்சம் என்று ஒரு எண் சின்னச் சின்னதாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கள்ளக் கண் இந்தக் குழாய்க்குள்தான் இருக்கவேண்டும் என்று நினைத்த பாவாடை, நெஞ்சு உயரத்தில் இருந்த குழாயிடம் குனிந்து, முகத்தை ஒட்டிவைத்து உற்றுப் பார்த்தார். உள்ளே இருட்டு. இன்னும் நெருங்கினார். திடீரென்று திரையில் இருந்த எண் துள்ளி ஆயிரத்தைத் தாண்டி எகிறியது. பாவாடை பதறிப் பின்னால் நகர்ந்தார். எதையோ கெடுத்துவிட்டோம் என்று அவருக்குப் பயம்.

"ஐயய்யோ, நான் தொடவே இல்லம்மா!"

அபிநயா சிரித்தாள். "ஒண்ணும் ஆகலீங்க. அது உங்க மூச்சு."

"என்னது?"

"நீங்க வுட்ட மூச்சுல இருக்கிற கரியமிலவாயுங்க அது. இப்ப அதான் கணக்குல வந்திருக்கு."

பாவாடை திரையைப் பார்த்தார். எண் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார். எண் அசையவில்லை. விட்டார். சற்றுத் தாமதித்து, எகிறியது. மறுபடி பிடித்தார், மறுபடி விட்டார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் ஒரு ரப்பர் குழாயோடு விளையாடுவதைச் செல்லதுரை பார்த்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பான். பாவாடைக்கு அந்த நினைப்பே இல்லை. பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டிருக்கிற மூச்சை முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறார்.

"இது மனுஷன் வுடுறது. மரம் வுடுறதும் இப்படித் தெரியுமா?"

"தெரியும். வுடுறதும் தெரியும், இழுக்குறதும் தெரியும். காத்து நேரா வராதுங்க ஐயா, சுழிச்சுச் சுழிச்சுத்தான் வரும். ஒரு சுழி மேல போவும், ஒரு சுழி கீழ எறங்கும். மேல போற சுழியில இந்தக் கரியமிலவாயு எவ்வளவு, கீழ எறங்குற சுழியில எவ்வளவுன்னு கண்ணு இமைக்குறதுக்குள்ள பல தடவை மேல இருக்கிற மெஷின் பாத்துக்கிட்டே இருக்கு. கீழ எறங்குனதுல கொஞ்சம் காணாமப் போயிட்டு மேல வந்தா, யாரு எடுத்துக்கிட்டா? தோப்புதான்."

அவள் லேப்டாப்பைத் திறந்து முந்தின நாளின் கோட்டைக் காட்டினாள். விடிந்ததும் கோடு இறங்க ஆரம்பித்திருந்தது. வெயில் ஏற ஏற இறங்கி, உச்சிப்பொழுதில் அடிமட்டத்துக்குப் போய், சாயங்காலம் ஏறி, இருட்டியதும் பூஜ்யத்துக்கு மேலே வந்து நின்றது. பகலெல்லாம் இழுத்திருக்கிறது, ராத்திரி கொஞ்சம் விட்டிருக்கிறது. அதற்கு முந்தின நாளும் அப்படியே. அதற்கும் முந்தின நாளும் அப்படியே. ஒரு பெரிய உடம்பு படுத்துக்கொண்டு மார்பு ஏறி இறங்குவதுபோல அந்தக் கோடு போய்க்கொண்டே இருந்தது. பாவாடை அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுத்துத் தன் தோப்பைப் பார்த்தார். மரங்கள் வழக்கம்போல் சும்மா நின்றுகொண்டிருந்தன. அறியாத வயதிலிருந்து பார்த்த மரங்கள்.

"எங்க அப்பாவுக்குக் குன்னம் பக்கத்துல மக்காச்சோளக் காடு" என்றாள் அபிநயா. "அங்கயும் ஒரு டவர் வெச்சிருக்கேன். மழை மாசத்துல அது போட்டி போட்டுக்கிட்டு இழுத்துச்சு. இப்ப அறுவடை முடிஞ்சு வெறுங்காடு. சோளத்தட்டை மக்குது, வெளியதான் வுடுது. இந்த மாசத்துல ரெண்டு ஜில்லாவுலயும் பச்சையா நின்னு இழுத்துக்கிட்டிருக்கிறது உங்களுத மாதிரி முந்திரிக்காடுங்கதான். இந்த டவர் கணக்கையும், அந்த டவர் கணக்கையும், மேல சாட்டிலைட்டு எடுக்குற படத்தையும் சேத்துத்தான் வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற மொத்த நெலமும் எவ்வளவு இழுக்குது, எவ்வளவு வுடுதுன்னு சொல்ல முடியும்."

"இன்னைக்குக் கோடு?"

அவள் காட்டினாள். கோட்டில் ரம்பத்தின் பெட்ரோல் புகை ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நின்றது. இறக்கம் முந்தின நாள்போல் ஆழமாக இல்லை. "ஒரு வரிசைதான போயிருக்கு. அதனால எவ்வளவு குறைஞ்சுதுன்னு ஒரே நாள்ல சொல்ல முடியாது, தப்பாச் சொல்லிடக்கூடாது. மீதியும் போச்சுன்னா தெளிவாத் தெரியும். அதையும் அப்படியே எழுதிக்குவோங்க. கணக்கு யாருக்காவும் வளையக்கூடாது."

பாவாடை அந்த ஊசிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "உள்ள இழுத்து என்ன பண்ணுது?"

"மரமா ஆக்கிக்குது."

"மரம் மண்ணுலேர்ந்துல்ல வருது?"

"மண்ணு தண்ணியும் உப்பும் குடுக்குதுங்க. ஆனா காஞ்ச கட்டையோட கனத்துல பெரும்பங்கு காத்துலேர்ந்து வந்ததுதான்."

இதை அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? விவரம் தெரிந்த நாளிலிருந்து மண்ணைக் கொத்தி, மண்ணுக்கு எருப்போட்டு, மண்ணுக்காகவே இருபது வருஷம் கோர்ட்டு வாசலில் நின்ற மனிதர். சட்டைக் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டி உள்ளங்கையில் எடுத்தார். இன்னும் ஈரமாக இருந்தது. முந்திரி வாசனை அடித்தது. அபிநயா சொன்ன அந்த வாயு, ஒரு மூட்டை அரிசியில் ஒரு கைப்பிடி அளவுகூடக் காற்றில் இல்லையாம். அந்தத் துளியைச் சலித்துச் சலித்து எடுத்து, அப்பா நட்ட கொட்டை இவ்வளவு பெரிய மரமாக நின்றிருக்கிறது. அது வேலை செய்ததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அதன் அடியில் உட்கார்ந்திருந்தவரும் கவனிக்கவில்லை.

"அப்ப மரம்னா..." என்று இழுத்தார். "நின்னுகிட்டு இருக்கிற காத்தா?"

"எனக்கு இப்படிச் சொல்லத் தெரியலையேங்க" என்றாள் அவள்.

அடுத்த கேள்வி அவர் நாக்கு நுனியில் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தது. கேட்கப் பிடிக்கவில்லை. அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லியே வருஷக்கணக்காகிறது. "அடியில கெடக்குதே, கரி. அது என்னது?"

அபிநயாவும் தயங்கினாள். அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று செல்லதுரை அவளுக்குச் சொல்லியிருந்தான். "அதுவும் மரந்தாங்க. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரு காடு நின்னிருக்கு. இதே மாதிரி வெயில்ல, இதே மாதிரி காத்தை இழுத்து இழுத்து வளந்திருக்கு. அப்புறம் சேத்துல பொதைஞ்சு, அழுந்தி அழுந்திக் கரியாயிருக்கு."

"அப்ப கீழ கெடக்குறதும் தோப்பா?"

"தோப்புதாங்க."

பாவாடை செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வெறுங்காலோடு செம்மண்ணில் நின்றார். எந்தக் கரியை அவர் வாழ்நாளெல்லாம் சனியன் என்று திட்டினாரோ, எதைக் கனவில் கண்டாலும் திடுக்கிட்டு எழுந்தாரோ, அது ஒரு பழைய தோப்பு. அதற்கு மேல் இவர் தோப்பு. நடுவில் இவர். வந்தவனெல்லாம் கீழே இருப்பதற்கு விலை பேசினான், மேலே நிற்பதற்கு எண் போட்டான். இரண்டும் ஒன்றுதான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பயம் என்று ஒன்று அவர் நெஞ்சுக்குள் வெகுகாலமாக உட்கார்ந்திருந்ததே, அது அந்த நிமிஷம் எழுந்து வெளியே போனதுபோல் இருந்தது. அழுகை வந்தது. பெண்பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கிழக்கே ரம்பம் மறுபடி கிளம்பியது.

பாவாடை ஓடினார். செருப்பை விட்டுவிட்டு, வேலியில் வேட்டி கிழிய, முள்ளில் கால் கிழிய ஓடினார். ஆட்கள் சாப்பிட்டு முடித்து, கைகழுவி, அடுத்த வேலைக்கு வந்துவிட்டார்கள். வரிசையாகப் போவதற்குப் பதிலாக, லாரி உள்ளே வர வழி வேண்டும் என்று வரப்போரத்துப் பெரிய மரத்துக்குப் போயிருந்தார்கள். சிவப்பு எண்ணுக்கு ஒரு சாண் கீழே ரம்பம் பதிந்திருந்தது. தூள் பறந்தது.

"நிறுத்துங்க! அரியமுத்து, நிறுத்தச் சொல்லுங்க!"

சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பாவாடை நேரே போய் மரத்தைக் கட்டிக்கொண்டார். ரம்பக்காரர் பதறிப்போய் மெஷினை அணைத்தார். அப்புறம் அங்கே இருந்த அமைதியில் தேனீக்களின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

அரியமுத்துவுக்கு நியாயமான கோபம். "என்னங்க இது, பேசுனது பேசுனபடி இருக்க வேண்டாமா? காலையில அறுங்கன்னீங்க, மத்தியானம் மரத்தைக் கட்டிப் புடிக்கிறீங்க. வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சா?"

"ஏறித்தாங்க போச்சு. விழுந்ததை எடுத்துக்கிட்டுப் போங்க. நிக்கிறதுல கைய வெக்காதீங்க. இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்."

அரியமுத்து முணுமுணுத்துக்கொண்டே விழுந்த மரங்களை ஏற்றிக்கொண்டு போனார். பாவாடை மரத்தில் விழுந்த வெட்டைத் தடவிப் பார்த்தார். ஆழம்தான். ஆனால் மரம் தாங்கும். வடகோடி வரிசையில் அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. அவற்றைப் பார்த்தபோது அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. எவனோ பெயிண்டு அடிப்பான் என்ற பயத்தில் தன் கையாலேயே செய்துகொண்ட வேலை. இதற்கு யாரைத் திட்டுவது?

சித்திரையில் காய் எடுத்தார்கள். ஆடி வந்தது. மழை பிடித்துப் பெய்த ஐப்பசியில் அந்த அடிக்கட்டைகளின் ஓரத்தில் செம்பு நிறத்தில் துளிர் எட்டிப் பார்த்தது. கார்த்திகைக்குள் கொத்துக் கொத்தாக முழங்கால் உயரம் நின்றது. பாவாடை அதை ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தார். கோபுரத்துக்குப் பக்கத்தில் அவருடைய நடமாட்டமும் அதிகமாகிவிட்டது. அபிநயா வராத நாளில் கருவி மேல் காக்கை கூடுகட்டாமல் பார்த்துக்கொள்வது அவர்தான். அது காவல் வேலை, அவருக்குக் கைவந்த வேலை.

மார்கழிக் காலையில் ஒரு நாள் முத்தாயியையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் வரமாட்டேன் என்று அடம்பிடித்துத்தான் வந்தாள். அபிநயா அன்று அங்கே இருந்தாள். இரண்டு மாவட்டமும் ஒரே படமாக விரிந்த ஒரு வரைபடத்தைக் காட்டினாள். இழுக்கிற இடம் பச்சை, விடுகிற இடம் பழுப்பு. எங்கள் தோப்பு எங்கே என்று முத்தாயி கேட்டாள். அபிநயா பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டாள். பேனா முனைக்கு அடியில் ஊரே மறைந்துவிட்டது.

"இம்மாந்துண்டுதானா?"

"இம்மாந்துண்டுதாங்கம்மா. ஆனா இது இல்லாம மொத்தக் கணக்கு வராது."

பாவாடை பெருமையோடு மனைவியைக் குழாயிடம் கூட்டிப்போனார். "ஊது" என்றார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு லேசாக ஊதினாள். எண் எகிறியது. "பாத்தியா! உன் மூச்சு. இதைத்தான் மரம் இழுத்துக் கட்டையாக்கிக்குது. இலை, பூ, கொட்டை எல்லாம் இதான்." அவர் தானே கண்டுபிடித்தவர்போல விளக்கிக்கொண்டு போனார்.

முத்தாயி சிரிக்கவில்லை. எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தோப்புப் பக்கம் திரும்பி, வரப்போரத்துப் பெரிய மரத்தை வெகுநேரம் பார்த்தாள். ரம்பம் பட்ட இடத்தில் பிசின் கட்டி, காயம் மூடத் தொடங்கியிருந்தது. அதற்கு மேலே சிவப்பு எண்.

"ஏங்க" என்றாள். "உங்க அப்பா அந்த மரத்தடியில ஒக்காந்து வுட்டாரே பெருமூச்சு. அப்புறம் நீங்க வுட்டீங்களே, வருஷக்கணக்கா, தெனம் தெனம். அதெல்லாம் எங்க போச்சு?"

பாவாடை அவள் பார்த்த பக்கம் திரும்பினார்.

"இந்த மரந்தான குடிச்சிருக்கும்" என்றாள் முத்தாயி.

பாவாடை மெல்ல நடந்து அந்த மரத்திடம் போனார். எண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தார். அந்த வருஷம் முதல் பூங்கொத்து அந்த மரத்தில்தான் வந்திருந்தது.

அபிநயா கிளம்ப நேரமாகிவிட்டது. அவள் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றை மடக்கிப் பைக்குள் வைப்பதைப் பாவாடை தூரத்திலிருந்து பார்த்தார். அதை வண்டியில் கட்டக் கயிறு பத்தாமல் அவள் திண்டாடியபோது, இவரே போய்ப் பிடித்துக் கட்டிக் கொடுத்தார்.